பாகப்பிரிவினைத் தீர்ப்பும் கடந்துபோகும் தவணைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காணிப் பிணக்குகள் பற்றி உங்கள் பத்திரிகைக்கு வரும் முறைப்பாடுகளில் ஒரு வகை திரும்பத் திரும்ப வருகிறது. "பாகப்பிரிவினை வழக்கு முடிந்துவிட்டது. காணிப் பதிவகத்திலும் தீர்ப்பைப் பதிந்துவிட்டார்கள். எங்கள் பங்கு அதில் இல்லை. தீர்ப்பை எப்படி மாற்றுவது?" இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "மோசடி என்று புது வழக்குப் போடலாம்" என்பதுதான். கேட்பவருக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் இலங்கைச் சட்டப்படி அந்தப் பதில் பெரும்பாலும் பிழை. பாகப்பிரிவினை வழக்கில் உரித்தை, அதாவது காணிமீதான சட்ட உரிமையை, காப்பாற்றும் தவணைகள் எல்லாம் தீர்ப்புக்கு முன்னரே வந்து போய்விடுகின்றன. அவை எவை, எங்கே தவறுகின்றன என்பதைப் பற்றியே இக்கடிதம்.

1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 48ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாக வாசித்தால் அதன் கடுமை விளங்கும். இடைக்காலத் தீர்ப்பாணையும் இறுதித் தீர்ப்பாணையும், மேன்முறையீட்டு முடிவுக்கு உட்பட்டு, உலகத்தில் எவருக்கெதிராகவும் எல்லாத் தேவைக்கும் இறுதியானவை. வழக்கு நடந்த முறையில் குறை இருந்தாலும், உரித்தை நிரூபித்ததில் ஓட்டை இருந்தாலும், உருத்தாளிகள் (பங்குரிமை உள்ளவர்கள்) எல்லாரும் வழக்கில் சேர்க்கப்படாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான். சாதாரண உரித்து வழக்கின் தீர்ப்பு வழக்காளியையும் எதிராளியையும் அவர்கள் வழிவந்தவர்களையும் மட்டும் கட்டும். பாகப்பிரிவினைத் தீர்ப்போ வழக்குப் பற்றிக் கேள்வியே படாதவரையும் கட்டும்.

மோசடி என்று புது வழக்குப் போடும் வழியையும் அதே பிரிவு வெளிப்படையாகவே அடைத்திருக்கிறது. மோசடியாலோ கூட்டுச்சதியாலோ பெற்ற தீர்ப்பை இன்னொரு வழக்கில் வைத்துத் தாக்க இடம்தரும் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு பாகப்பிரிவினைத் தீர்ப்பாணைகளுக்குப் பொருந்தாது என்று 48(3) சொல்கிறது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மீளாய்வு அதிகாரத்தையும் முன்னிலை மீட்பு (பழைய நிலைக்கே திருப்பிவிடும்) அதிகாரத்தையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இவ்வளவு கடுமை ஏன் என்று கேட்பது நியாயம். 1863ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து 1951ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வழியாக இன்றுவரை நோக்கம் ஒன்றுதான். நமது பதிவகங்களில் பதியப்படுவது உறுதி, அதாவது காணி எழுதிய பத்திரம்; உரித்து அல்ல. செல்லாத உறுதியைப் பதிந்தால் அது செல்லுபடியாகிவிடாது. பாட்டன் காலத்திலிருந்து பிரிபடாத பங்காகவே கைமாறி வந்த காணியில் 1/36, 5/144 என்று பின்னங்கள் பெருகிக்கொண்டே போகும். அந்தச் சிக்கலை ஒருநாள் அறுத்து, இனி இந்தத் தீர்ப்பே உரித்தின் வேர் என்று தொடங்கினால்தான் அந்தக் காணியை வாங்குபவருக்கும் ஈடு (அடமானம்) பிடிப்பவருக்கும் நம்பிக்கை வரும். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும் முதல் வகுப்பு உரித்தைத் தவிர்த்துப் பார்த்தால், ஒரு காணிக்கு இந்த நாட்டில் கிடைக்கக்கூடிய மிக உறுதியான ஆவணம் பாகப்பிரிவினை இறுதித் தீர்ப்பாணைதான். ஆகவே அந்த இறுதித்தன்மையைத் தளர்த்தச் சொல்வது எங்கள் நோக்கமல்ல. அதற்கு முந்திய படிகளைக் கவனியாமல் விட்டுத் தீர்ப்பைப் பின்னர் திட்டுவதில் பயனில்லை என்பதே எங்கள் வாதம்.

முதலில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சண்டை பிடிப்பதை இறுதித் தீர்ப்பு வரை ஒத்திவைக்கக் கூடாது. யாருக்கு எத்தனை பங்கு என்பது இடைக்காலத் தீர்ப்பாணையிலேயே முடிந்துவிடுகிறது. 'இடைக்கால' என்ற சொல்லை நம்பி ஏமாறக் கூடாது. அதுவும் 48ஆம் பிரிவின் இறுதித்தன்மை உடையதே. அதன்பின் ஆணையாளராக நியமிக்கப்படும் நில அளவையாளர் பங்குகளை நிலத்தில் வெட்டிக் காட்டுகிறார். யாருடைய வீடு எந்தத் துண்டில் விழுகிறது, பாதை எந்தப் பக்கம், பெறுமதியில் வரும் வித்தியாசத்துக்கு யார் யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்துச் சமப்படுத்துவது என்பவைதான் அந்தக் கட்டத்தில் பேசுபொருள். "எனக்கு மூன்றில் ஒன்று வரவேண்டும்" என்று அப்போது எழுந்து சொன்னால், பிந்திவிட்டது என்றுதான் நீதிமன்றம் சொல்லும். பங்கில் பிழையென்றால் இடைக்காலத் தீர்ப்புக்கு எதிராக 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலும், தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாளுக்குள் மேன்முறையீட்டு மனுவும் கொடுக்க வேண்டும். 14 நாளைக் கணக்கிடும்போது தீர்ப்பு நாளும் ஞாயிற்றுக்கிழமைகளும் பொது விடுமுறைகளும் கழியும். 60 நாளுக்கும் அதே சலுகை இருப்பதாக நினைத்து இருந்துவிடுவது ஆபத்து.

இனி, வழக்கில் விடுபடுவது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 6 பரப்புக் காணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்புக்கு 18 குழி, ஆக 108 குழி. பெற்றோர் இறந்துவிட்டார்கள், பிள்ளைகள் நால்வர். ஒருவருக்கு 27 குழி, அதாவது 15 பேர்ச். நால்வரில் ஒரு பெண் பல ஆண்டுகளாக வெளிநாட்டில். வழக்குரையோடு சேர்க்கும் வழித்தோன்றல் அட்டவணையில் மூன்று பிள்ளைகளின் பெயர்தான் இருக்கிறது. வேண்டுமென்றே விட்டிருக்கலாம், "அவவுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று" என்று மனப்பூர்வமாக நம்பியும் விட்டிருக்கலாம். தீர்ப்பு மூவருக்கும் 36 குழியாகப் பிரிந்து விழும். அந்தப் பெண்ணின் 27 குழி எவர் பெயரிலும் காத்திருக்காது, சட்டப்படி அழிந்துவிடும். அட்டவணையில் ஒரு கோடு குறைந்ததுதான் காரணம்.

தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) பொருந்தும் குடும்பங்களில் இந்த அட்டவணை இன்னும் வழுக்கும். முதுசமா (முன்னோர் வழி வந்ததா), சீதனமா, தேடியதேட்டமா (மணவாழ்வில் தேடியதா) என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். திருமணத்தின் பின் கணவன் பெயரில் பணம் கொடுத்து வாங்கிய காணி அநேகமாகத் தேடியதேட்டம்; அதில் யாருக்கு எவ்வளவு என்பதைத் தனியாக ஆராய வேண்டும். அப்படி ஆராயாமல், உறுதியில் கணவன் பெயர் மட்டும் இருக்கிறது என்பதற்காக முழுவதையும் அவர் பக்கம் எழுதி, மறுமணத்துப் பிள்ளைகளையும் சேர்த்துப் பங்கு பிரித்த அட்டவணைகள் உண்டு. எதிர்த்துச் சொல்ல ஆளில்லாத வழக்கில் அது அப்படியே தீர்ப்பாகும்.

இதைத் தடுக்கச் சட்டம் வைத்திருக்கும் முதல் வலை வழக்கு நிலுவைப் பதிவு, அதாவது இந்தக் காணிமேல் வழக்கு நடக்கிறது என்று பதிவேட்டில் ஏற்றுவது; வழக்கத்தில் லிஸ் பென்டன்ஸ் என்பார்கள். வழக்குரையோடு அதற்கான விண்ணப்பமும் கொடுத்துக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதிந்தபின் வழக்காளியின் சட்டத்தரணி பதிவேட்டைத் தானே நேரில் பார்வையிட்டு, அதில் உரித்துடையவர்களாகத் தெரிபவர்கள் யார் யார் என்று 12ஆம் பிரிவின் கீழ் தன் கையொப்பத்துடன் பிரகடனம் தாக்கல் செய்ய வேண்டும். சட்டத்தரணி நேரில் பார்க்க வேண்டும் என்று சட்டம் கேட்பது அலங்காரத்துக்கல்ல. தோம்பின் (காணிப் பதிவேட்டின்) பிரதி ஒன்றை எழுதுவினைஞர் கொண்டுவந்து மேசையில் வைக்க, அதைப் பார்த்துப் பிரகடனம் எழுதுவது அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது.

ஏனென்றால் பிழை ஒளிந்திருப்பது தாளுக்குத் தாள் இருக்கும் தொடர்பில். யாழ்ப்பாணத்தில் ஒரே பெயரில் பத்துக் காணி இருக்கும். ஒரே காணிக்கு இரண்டு பெயரும் இருக்கும். முழுக் காணி ஒரு பதிவேட்டுத் தாளில் தொடங்கியிருக்கும். பின்னர் அதில் பிரிபடாத கால் பங்கை வாங்கியவரின் உறுதியில் காணியின் பெயரைச் சற்று மாற்றி, எல்லைகளில் அன்றைய அயலவர் பெயர்களை எழுதியிருப்பார்கள். பதிவகம் அதைப் புதுக் காணி என்று எண்ணிப் புதுத் தாள் திறக்கும். பழைய தாளுக்கு முற்குறிப்பு இராது. வழக்கு நிலுவை பழைய தாளில் பதியப்படும். புதுத் தாளில் இருப்பவருக்கு வழக்கே தெரியாது. அவருடைய பெயரும் 12ஆம் பிரிவுப் பட்டியலில் வராது. ஒரு தாளோடு நிறுத்தாமல், நான்கு பக்க எல்லைக் காணிகளின் தாள்களையும், அட்டவணையில் வரும் ஒவ்வொருவரும் எழுதிய உறுதிகளின் பதிவுகளையும் பின்தொடர்ந்தால்தான் இது அகப்படும். ஒரு நாள் வேலைதான். அந்த ஒரு நாளைச் செலவழிக்கத்தான் பலருக்கு மனமில்லை.

இரண்டாவது வலை அளவை. நீதிமன்றம் ஆணை கொடுத்த நில அளவையாளர் திகதி குறித்துத் தரப்பினருக்கு அறிவித்தல் அனுப்பி, காணியில் பறையறைந்து தெரிவித்துவிட்டு அளக்க வருவார். அவர் திருப்பி அனுப்பும் அறிக்கையில் படம் மட்டும் இருப்பதில்லை. அளந்த காணி வழக்குரையில் சொன்ன காணிதானா, அதில் நிற்கும் வீடு, கிணறு, மதில், பயன்தரு மரங்கள் எவை, அவற்றை யார் யார் தமது என்று உரிமை கோரினார்கள், வழக்கில் சேராத எவராவது காணிக்கு உரிமை கோரினாரா என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். அப்படி உரிமை கோரியவருக்கு நீதிமன்றம் அறிவித்தல் அனுப்பக் கடமைப்பட்டது. ஆக, அளவை நாளன்று காணியில் நின்று, "எனக்கும் இதில் பங்குண்டு, இன்ன உறுதி" என்று சொல்லி, பெயரையும் முகவரியையும் அளவையாளர் எழுதிக்கொண்டாரா என்று பார்த்துவிட்டு வருவது காசு செலவில்லாத பாதுகாப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாய்த்தர்க்கம் பண்ணிவிட்டுப் போனால் அறிக்கையில் எதுவும் ஏறாது.

அளவையில் இன்னொரு பொறி உண்டு. உறுதியில் 6 பரப்பு, படத்தில் 7 பரப்பு 4 குழி என்று வந்தால், கூடிய துண்டு யாருடைய காணியிலிருந்து வந்தது என்று அயல்காணிக்காரர் உடனே கேட்க வேண்டும். பெரிய காணியைப் பிரிக்கச் சொல்லி எவராவது கோரினால் அந்தப் பெரிய காணிக்கு வழக்கு நிலுவையைப் புதிதாகப் பதிய வேண்டும். அதைச் செய்யாமல் கூடிய பரப்போடு தீர்ப்பு வாங்கினால், பிற்காலத்தில் அந்தத் தீர்ப்பே ஆட்டம் காணும். வழக்காளிக்கும் இது நல்லதல்ல.

மூன்றாவது, விசாரணை. 25ஆம் பிரிவு ஒவ்வொரு தரப்பினரின் உரித்தையும் நீதிமன்றமே ஆராய வேண்டும் என்கிறது. எல்லாரும் இணங்கிவிட்டார்கள் என்பதால் அந்தக் கடமை நீங்காது. 1957இல் ஜூலியானா ஹாமினே எதிர் தொன் தோமஸ் வழக்கிலேயே இது வலியுறுத்தப்பட்டது. நடைமுறையில், எதிர்ப்பில்லாத வழக்கில் வழக்காளி ஒருவரே சாட்சிக்கூண்டில் ஏறி, உறுதிகளை வ1, வ2 என்று அடையாளமிட்டு, கால் மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார். உலகத்தையே கட்டும் தீர்ப்புக்கு இந்தக் கால் மணி நேரம் போதாது என்பது எங்கள் அபிப்பிராயம். தேடியதேட்டமா முதுசமா, அட்டவணையில் வரும் இன்னாருக்கு எத்தனை பிள்ளைகள், அவர்கள் எங்கே என்று நீதிபதி ஆசனத்திலிருந்து இரண்டு கேள்வி வந்தாலே பல அநீதிகள் அங்கேயே நின்றுவிடும்.

ஈடுகளும் சிறு உரித்துகளும் அழிவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடிக்கடி மறக்கப்படுவது இதுதான். தீர்ப்பில் ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு, தீர்ப்பாணையில் குறிப்பிட்ட பொறுப்புகள் தவிர மற்ற எல்லாப் பொறுப்புகளும் நீங்கியே அவர் கைக்கு வருகிறது. ஈடு, குத்தகை, சீவிய உருத்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை), வழியுரிமை எல்லாம் இதில் அடங்கும். பெற்றோர் சீவிய உருத்தைத் தமக்கு வைத்துக்கொண்டு பிள்ளைக்கு நன்கொடை எழுதிய காணி வழக்குக்கு வந்தால், அந்தச் சீவிய உருத்துத் தீர்ப்பாணையில் எழுதப்பட வேண்டும். தாய் உயிரோடுதான் இருக்கிறாள், யார் எழுப்பப் போகிறார்கள் என்று விட்டுவிட்டால், தீர்ப்புக்குப் பின் அந்தத் துண்டை வாங்கியவர் எழுப்பலாம். நமது தோட்டக் காணிகளின் உறுதியில் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று ஒரு வரி வரும். பத்துப் பேர் இறைக்கும் பொதுக்கிணறு ஒருவருடைய துண்டில் விழும்போது, மற்ற ஒன்பது பேரின் தண்ணீரும் துலா வழியும் வாய்க்காலும் தீர்ப்பாணையிலும் படத்திலும் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் நூறு வருடம் இறைத்த கதை சொல்லிப் பயனில்லை. சட்டம் விதிவிலக்காக வைத்திருப்பவை சில: சட்டம் ஊகித்துக் கொள்ளும் நம்பிக்கைப் பொறுப்பு (constructive trust), தரும நம்பிக்கைப் பொறுப்பு, ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகை போன்றவை. கோயில் தருமச் சொத்துகளின் அறங்காவலர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் விதிவிலக்கை நம்பிச் சும்மா இருப்பதைவிட வழக்கில் வந்து சொல்வது மேல்.

வழக்கு நிலுவை பதிந்ததிலிருந்து வழக்கு முற்றாக முடியும்வரை பங்கை விற்றால் 66ஆம் பிரிவின்படி அந்த விற்பனை வெறிதானது. இந்தக் காலத்தில் உறுதி முடிக்கும் நொத்தாரிசுமாரும் இருக்கிறார்கள், வாங்குபவர்களும் இருக்கிறார்கள். "இறுதித் தீர்ப்பில் எனக்குக் கிடைக்கப்போகும் பங்கு" என்று எழுதுவது வேறு, இன்றைய பிரிபடாத பங்கை விற்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் காசு கொடுத்தவர்கள் பலர்.

தவறவிட்டவருக்கு என்ன வழி? வழக்கில் பெயர் இல்லாதவர், தீர்ப்புக்கு முன்னர் தெரிந்தால், 69ஆம் பிரிவின் கீழ் தன்னைச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பெயர் இருந்தும் அழைப்பாணை கிடைக்காதவர், சரியான பிரதிநிதி இல்லாத வயதுக்கு வராதவர் அல்லது சித்தசுவாதீனமில்லாதவர், உரிமைக் கூற்றும் முகவரியும் பதிந்துவிட்டு விசாரணை நாளில் வரத் தவறியவர் ஆகியோருக்கு 48(4) ஒரு சிறு வாய்ப்புத் தருகிறது: ஆணையாளரின் பிரிப்பு அளவை அறிக்கை நீதிமன்றத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விசேட அனுமதி கேட்க வேண்டும். வழக்கில் பெயரே இல்லாதவருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

மீளாய்வு இருக்கிறது. நடைமுறைக் குறை என்ற எல்லையைத் தாண்டி, வழக்கின் அடிப்படையே பழுதுபட்டிருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம் தலையிடும் என்று 1983இல் சோமாவதி எதிர் மடவல வழக்கில் உயர்நீதிமன்றம் காட்டியது. ஆனால் மீளாய்வு உரிமையல்ல, நீதிமன்றத்தின் தற்றுணிபு. எப்போது தெரியவந்தது, தெரிந்தபின் ஏன் இவ்வளவு நாள் என்ற இரண்டு கேள்விக்கும் ஆவணத்தோடு பதில் இல்லாவிட்டால் மனு தள்ளுபடியாகும். இடையில் அந்தத் துண்டு நல்லெண்ணத்தோடு வாங்கிய மூன்றாம் ஆளின் கைக்குப் போயிருந்தால் தராசு இன்னும் சாயும். மீதமிருப்பது 49ஆம் பிரிவு: யாருடைய செயலால் உரித்து அழிந்ததோ அவரிடம் நட்டஈடு கேட்கலாம். காணி வராது, காசு வரலாம். அதுவும் அவரிடம் காசு இருந்தால்.

வாய்மூலமாகப் பிரித்து ஆண்டு வருகிறோம், பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, ஆட்சியுரித்து எங்களுக்குண்டு என்று நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு சொல். சக உருத்தாளிக்கு எதிராகப் பத்து வருட ஆட்சி மட்டும் போதாது. அவரை வெளியே தள்ளி ஆண்டதைக் காட்ட வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் கொரெயா வழக்கிலிருந்து நிலைத்த சட்டம். மிக நீண்ட காலம் தனியே ஆண்டிருந்தால் நீதிமன்றம் அதை ஊகிக்கலாம். ஆனால் அந்த வாதத்தை வழக்குக்குள் வந்துதான் சொல்ல முடியும். எல்லாரும் ஒப்பக்கூடிய குடும்பமென்றால் வழக்கே வேண்டாம். நில அளவையாளரைக் கொண்டு படம் வரைந்து, சகலரும் நொத்தாரிசு முன் பிரிவினை உறுதி முடிக்கலாம். அது கையெழுத்து வைத்தவர்களை மட்டுமே கட்டும் என்ற பலவீனத்தைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

வெளிநாட்டிலிருப்போருக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்கள் காணியின் பதிவேட்டுத் தாள் இலக்கத்தைத் தெரிந்து வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை யாரையாவது கொண்டு தோம்பு பார்த்து, வழக்கு நிலுவை ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏறியிருந்தால் முறைப்படி பதிந்த அற்றோணித் தத்துவத்தை (உங்களுக்காகச் செயற்பட ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தை) உடனே அனுப்பி வழக்கில் தோன்றச் செய்யுங்கள். தொலைபேசியில் அண்ணனோடு பேசித் தீர்க்கலாம் என்று தவணை கடத்த வேண்டாம். வழக்கில் சேர்ந்தவர்கள், தாம் இறந்தால் தமக்குப் பதிலாக நிற்பவரை நியமிக்கும் 81ஆம் பிரிவுப் பத்திரத்தையும் மறக்காமல் தாக்கல் செய்யுங்கள்.

அதிகாரிகளிடம் கேட்பது இரண்டு. 12ஆம் பிரிவுப் பிரகடனத்தோடு, சட்டத்தரணி பார்வையிட்ட ஒவ்வொரு பதிவேட்டுத் தாளின் அத்தாட்சிப்படுத்திய பிரதியையும், எல்லைக் காணிகளின் தாள்களையும் இணைக்காவிட்டால் வழக்கை அடுத்த படிக்கு விடக் கூடாது. மற்றது, ஒவ்வொரு மாதமும் பதியப்படும் வழக்கு நிலுவைகளைக் காணியின் பெயர், கிராமம், பரப்பு, வழக்கிலக்கம் என்ற நான்கு விவரத்தோடு காணிப் பதிவகம் இணையத்தில் வெளியிட வேண்டும். இதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவைப்படாது என்றே நினைக்கிறோம்; பதிவேட்டை எவரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம் என்பது இன்றும் உள்ள விதிதான்.

இப்படிக்கு,
குடிசார் வழக்குகளில் ஈடுபடும் சட்டத்தரணிகள் சிலர்
யாழ்ப்பாணம்